லோசா வீட்டு முற்றம்

மார்ச் 2, திங்கள்

மழை விடவே இல்லை. துவைத்த துணியெல்லாம் வீட்டுக்குள்ளேயே தொங்குகிறது. வீடு என்றாலும் சுவர் கிடையாது. தூண்கள், கூரை, சாரல் அடித்தால் இறக்கிவிடுகிற ஓலைத் தட்டிகள், அவ்வளவுதான். நான் மகள் ஃபிலோவுக்குத் தலை வாருவதும் புருஷன் பெத்தெலோவோடு முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வதும் தெருவில் போகிற எல்லாருக்கும் தெரியும்.

இன்று முகத்தைத் தூக்கியதற்குக் காரணம் பழையதுதான். பிள்ளைக்கு ஏழு வயது முடியப்போகிறது, ஆக்லாந்துக்கே திரும்பிவிடலாம் என்றேன். அங்கே முதியோர் இல்லத்தில் நான் நர்ஸாகவும் அவர் சமையல்கட்டிலும் இருந்தபோதுதான் பழகினோம். மாமனார் இறந்ததும் இங்கே சமோவாவுக்கு வந்தோம். சொந்தக்காரர்கள் எல்லாம் கூடி, குடும்பப் பட்டத்தை இவர் தலையில் வைத்தார்கள். இங்கே குடும்பத் தலைவனுக்கு மத்தாய் என்று பெயர். அது நம் மத்தேயு இல்லை என்று தூத்துக்குடியில் இருக்கிற அம்மாவுக்குப் போனில் விளக்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. நிலம், பன்றி, கோயில் காணிக்கை, தம்பி சௌலோவின் குடி, எல்லாம் இனி இவர் பொறுப்பு. "இப்பம் எப்படி விட்டுட்டு வருவேன்?" என்கிறார்.

இவர்கள் பேசும் சமோவா மொழி என் காதில் விழும்போது எங்கள் கடற்கரைப் பேச்சாகவே விழுகிறது. அப்படியே எழுதுகிறேன்.

மார்ச் 4, புதன்

நேற்று எழுத முடியவில்லை.

சாயங்காலம் ஜெபத்துக்குச் சங்கு ஊதியாகிவிட்டது. அந்த நேரத்தில் தெருவில் யாரும் நடக்கக்கூடாது என்பது ஊர்க் கட்டுப்பாடு. அப்போதுதான் நான் நர்ஸாக இருக்கிற ஊர்க் கிளினிக் வாசலில் ஒரு வண்டி வந்து நின்று ஹாரன் அடித்தது. ஆற்றுக்கு அந்தப் பக்கம் வைலூமாக்காரர்கள். பின்னால் தகரத்தின் மேல் ஒரு பையனைக் கிடத்தியிருந்தார்கள். தலையில் அடி. ரோட்டோரமாக நடந்து வந்தவனை ஏதோ வண்டி தட்டிவிட்டதாம். விளக்கைப் பிடித்துப் பார்த்தால் தவீத்தா. எங்கள் கிளினிக்குக்குக் கால்புண் கட்டு மாற்ற வருகிற லோசா அக்காவின் மகன்.

மூச்சுக்கு வழி செய்தேன், கழுத்தை அசையாமல் கட்டினேன், தையல் போட்டு ரத்தத்தை நிறுத்தினேன். ஆம்புலன்ஸ் வந்ததும் நானும் ஏறிக்கொண்டேன். மலைப்பாதை முழுவதும் பலூனை அமுக்கி மூச்சுக் கொடுத்துக்கொண்டே போனேன். தலைநகர் ஆஸ்பத்திரியில் ஒப்படைத்தபோது உயிர் இருந்தது. தீவிர சிகிச்சைப் பிரிவில் இருக்கிற ஆனே என் சிநேகிதி. பார்த்துக்கொள்கிறேன் என்றாள்.

எந்த வண்டி தட்டியது என்று நான் யாரிடமும் கேட்கவில்லை. கேட்க நேரமும் இல்லை.

இன்று காலை ஊர் திரும்பினேன். சீமைப்பலா மரத்தடியில் எங்கள் வண்டி நின்றது. இடதுபக்க விளக்கு இல்லை. எஞ்சின் மூடியின் மேல் யாரோ சாக்கைப் போட்டு மறைத்திருந்தார்கள். பெத்தெலோ தூணில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். சௌலோவைப் போலீஸ் கூட்டிப்போய்விட்டது என்றார். குடித்திருந்தானா என்று கேட்டேன். ஆமாம் என்று தலையை மட்டும் அசைத்தார்.

சட்டையில் ரத்தம் காய்ந்திருந்தது. முதலில் அதைத் துவைத்தேன்.

மார்ச் 5, வியாழன்

ஃபிலோவைப் பள்ளிக்கு அனுப்பவில்லை. பள்ளிக்கூடம் வைலூமாவில் இருக்கிறது. காலையில் எங்கள் ஊர் பஸ் ஆற்றுப்பாலம் தாண்டியதும் கல் விழுந்ததாம். கண்ணாடி உடைந்தது, யாருக்கும் அடி இல்லை.

ஊர் மத்தாய்கள் காலை முதல் மதியம் வரை கூடிப் பேசினார்கள். பெண்கள் நாங்கள் பின்கட்டில் அவர்களுக்குச் சாப்பாடு செய்தோம். நான் சேப்பங்கிழங்கு உரித்தேன், தேங்காய் துருவினேன். எனக்கு இங்கே நொஃபோதானே என்று பெயர், அதாவது புருஷன் வீட்டில் வந்து இருக்கிறவள். கிளினிக்கில் எந்த மத்தாயும் என்னிடம் கையை நீட்டுவார். இங்கே நான் கடைசி ஆள். எல்லாரும் சாப்பிட்ட பிறகு சாப்பிடுகிறவள். பெத்தெலோவின் அக்கா மாலியா மைனி அப்படி இல்லை. அவர் இந்த வீட்டில் பிறந்தவர். சகோதரி சொன்ன சொல்லைச் சகோதரன் தட்டக்கூடாது என்பது இங்கே வழக்கம். அவர் உட்கார்ந்த இடத்திலிருந்து ஒரு வார்த்தை சொன்னால் பெத்தெலோ எழுந்து நிற்பார்.

சனிக்கிழமை விடியலில் இஃபோங்கா செய்வது என்று முடிவாயிற்று. மைனி எனக்கு விளக்கினார். தவறு செய்தவன் வீட்டுத் தலைவன், அடிபட்டவன் வீட்டு முற்றத்தில் போய்த் தலை குனிந்து உட்கார வேண்டும். தலைமேல் குடும்பத்தின் நல்ல பாயைப் போர்த்திக்கொள்ள வேண்டும். அந்த வீட்டார் வந்து பாயை விலக்கினால் மன்னிப்பு. அதோடு பகை தீர்ந்தது. விலக்கும்வரை அசையக்கூடாது, வாய் திறக்கக்கூடாது.

"விலக்கலன்னா?" என்று கேட்டேன்.

"அவங்க இஷ்டம். கத்தியோட வந்தாலும் நாம கையத் தூக்கப்படாது."

அதுவும் நடக்காமல், மன்னிப்பும் கிடைக்காமல் போனால், எங்கள் ஊரே எங்களை வெளியேறச் சொல்லும். ஒரு குடும்பத்துக்காக இரண்டு ஊர் அடித்துக்கொள்ள முடியாது என்று கூட்டத்திலேயே பேசிவிட்டார்களாம்.

மைனி மெத்தைக்கு அடியிலிருந்து பாயை எடுத்து உதறிக் கொடியில் போட்டார். பாய் என்றால் நம்மூர்க் கோரைப்பாய் இல்லை. பட்டுச்சேலை மாதிரி மெலிசாக, மடிந்து விழுகிறது. அவருடைய அம்மாவின் அம்மா காலத்தது. மைனி அதன் கீழ் ஓரத்தில் இருந்த சிவப்பு இறகுகளை ஒவ்வொன்றாக நீவிவிட்டார்.

நான் பாஸ்போர்ட்டுகள் இருக்கிற பெட்டியைத் திறந்து, பூசணம் பிடித்திருக்கிறதா என்று பார்த்தேன். ஃபிலோவுடையது இன்னும் காலாவதியாகவில்லை.

மார்ச் 6, வெள்ளி

கிளினிக்கில் கூட்டம் இல்லை. வைலூமாவிலிருந்து ஒரே ஒரு பிள்ளைத்தாய்ச்சி வந்திருந்தாள். தவீத்தா நேற்று தன் அம்மாவின் விரலை அமுக்கினானாம். லோசா அக்கா அழுதுகொண்டே எல்லாருக்கும் போன் செய்தாராம். மாற்றுத்துணி எடுக்க இன்று வீட்டுக்கு வந்திருக்கிறார், முகமே தெளிந்துவிட்டது என்றாள். நாளைக்கு நீங்கள் வந்தால் பாயை விலக்கிவிடுவார்கள், பயப்படாதீர்கள் என்றும் மெல்லச் சொன்னாள்.

அவள் போன பிறகு ஆனேயைக் கூப்பிட்டேன்.

கண்மணியில் வெளிச்சம் அடித்தால் சுருங்கவில்லையாம். மூச்சு முழுக்க இயந்திரம்தான். மூளை போய்விட்டது என்று பெரிய டாக்டர் எழுதியிருக்கிறார். விதிப்படி இன்னொரு முறை பார்த்துவிட்டுத் திங்கட்கிழமை குடும்பத்தாரிடம் சொல்வார்கள். விரலை அமுக்கியதைப் பற்றிக் கேட்டேன். "உனக்குத் தெரியாதா மெதிலா?" என்றாள். மெற்றில்டா என்று இவர்கள் நாக்கில் வராது.

தெரியும். மூளை செத்த பிறகும் தண்டுவடத்திலிருந்து தானாக வரும் அசைவு அது. மகன் அல்ல.

மருந்து அலமாரியை இறக்கி, துடைத்து, மறுபடி அடுக்கினேன்.

வெள்ளி, மாலை

பெத்தெலோ குளித்துவிட்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். கேட்கக்கூடாது என்றுதான் இத்தனை நாள் இருந்தேன் என்றார். பிறகு கேட்டார்.

"அவன் பொழைப்பானா, மெத்தி?"

"தெரியாது."

கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தார். ஃபிலோவைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார்.

நோயாளியின் நிலையை வெளியில் சொல்லக்கூடாது. அது வேலையின் சட்டம். நான் சட்டப்படிதான் நடந்தேன். பாயை நாளை காலை விலக்கிவிட்டால் அதற்குப் பிறகு பகை இல்லை. திங்கட்கிழமை என்ன தெரிந்தாலும் கொடுத்த மன்னிப்பைத் திரும்ப வாங்க முடியாது. இவர் உயிரோடு வீட்டுக்கு வருவார். இதில் என்னால் எந்தத் தவறும் இல்லை.

மைனி வந்து, நாளைக்கு நான் வர வேண்டாம் என்றார். "நீ எங்க ரத்தமில்ல. பிள்ளையோட வீட்ல இரி. எங்களுக்கு என்னமும் ஆச்சுன்னா அவளுக்கு நீ வேணும்லா."

ஆனே மறுபடி கூப்பிட்டாள். எடுக்கவில்லை.

மார்ச் 7, சனி

ஃபிலோவை உபதேசியார் வீட்டில் விட்டாயிற்று. நானும் போகிறேன்.

மார்ச் 8, ஞாயிறு

பூசைக்குப் போகவில்லை. உட்கார்ந்து எழுதிவிடுகிறேன்.

நேற்று கிழக்கு வெளுக்கும்போது லோசா வீட்டு முற்றத்தில் உட்கார்ந்தோம். எல்லாருக்கும் முன்னால் பெத்தெலோ. சம்மணமிட்டு, தலை குனிந்து. மைனி பாயை விரித்து அவர்மேல் போட்டார். பாய் விழுந்ததும் என் புருஷன் அங்கே இல்லை. ஒரு மேடு இருந்தது. பின்னால் எங்கள் ஊர் மத்தாய்கள், அதற்கும் பின்னால் பெண்கள். எதிரே வீட்டின் தட்டிகள் எல்லாம் இறக்கியிருந்தன. பக்கத்துத் தென்னைகளுக்குக் கீழே இளவட்டங்கள் வந்து நின்றார்கள். சிலர் கையில் காடு வெட்டுகிற கத்தி இருந்தது. ஒருவன் அதைத் தென்னையில் கொத்திக்கொண்டே இருந்தான். தவீத்தாவின் பெரியப்பா மகன் என்று யாரோ முணுமுணுத்தார்கள்.

வெயில் ஏறியது. உள்ளே பேச்சுச் சத்தம் கேட்டது. கோபமான பேச்சு இல்லை. பாத்திரம் நகர்ந்தது, ஒரு பெண் லேசாகச் சிரித்தாள். பாயை விலக்கத்தான் போகிறார்கள் என்று புரிந்தது. எனக்கு நெஞ்சு ஆறியிருக்க வேண்டும். ஆனால் ஆறவில்லை.

லோசா அக்கா எனக்கு ஒன்றும் சொந்தமில்லை. கட்டு மாற்றும்போது, மகன் ரக்பி அணியில் சேர்ந்ததைச் சொல்லிக்கொண்டே காலை நீட்டிக்கொண்டிருப்பார். வலித்தால் கண்ணை மூடிக்கொண்டு என் தோளைப் பிடிப்பார். அந்தக் கையால் பாயை எடுப்பார், திங்கட்கிழமை ஆஸ்பத்திரியில் அவரிடம் சொல்வார்கள். நர்ஸுக்கு முதலிலேயே தெரியும் என்பது செவ்வாய்க்கிழமைக்குள் அவருக்கும் தெரிந்துவிடும். இவ்வளவுதான் நினைத்தேன். வேறு பெரிய யோசனை எதுவும் இல்லை. எழுந்தேன். இஃபோங்காவில் யாரும் எழக்கூடாது. மைனி என் சேலை நுனியைப் பிடித்தார். இழுத்துக்கொண்டு, வீட்டைச் சுற்றிப் பின்கட்டுக்குப் போனேன்.

அடுப்பில் கொக்கோ கொதித்துக்கொண்டிருந்தது. எங்களுக்குத்தான் போல, நிறையக் கோப்பைகள் கழுவிக் கவிழ்த்திருந்தன. லோசா அக்கா மட்டும் இருந்தார்.

"வா நர்ஸம்மா. எம் மவன் விரல அமுத்துனான், தெரியுமா?"

"அக்கா, அது அவன் அமுத்தினது இல்ல."

சொன்னேன். கண், மூச்சு, இயந்திரம், திங்கட்கிழமை, எல்லாவற்றையும். நோயாளியின் வீட்டாரிடம் சொல்கிற முறையில் சொல்லவில்லை. தெரிந்த அரைகுறை சமோவா மொழியில் திக்கித் திக்கிச் சொன்னேன். அவர் கரண்டியை விடாமல் பிடித்துக்கொண்டு நின்றார்.

"உன் வீட்டுக்காரன் வெளிய உக்காந்திருக்கான்," என்றார். "இத நாளைக்குச் சொல்லப்படாதா?"

"நாளைக்குச் சொன்னா, நீங்க இன்னைக்கே பாய எடுத்திருப்பீங்க."

அவர் கொக்கோவை இறக்கிவைத்து மூடினார். காலை இழுத்து இழுத்து உள்ளே போனார். நான் என் இடத்துக்கு வந்து உட்காரும்போது உள்ளே ஆண் குரல்கள் உயர்ந்துவிட்டன. கொஞ்ச நேரத்தில் லோசா அக்காவும் அவருடைய தம்பியும் உள்ளே இருந்த மற்றவர்களும் எங்களைத் தாண்டிப் போய் வண்டியில் ஏறினார்கள். தம்பி அந்த வீட்டின் மத்தாய். ஏறுமுன் இளவட்டங்களிடம் சொன்னார். "அக்கா போயி மவனப் பாத்துட்டு வருவா. அது வரைக்கும் பாய யாரும் தொடப்படாது. இவங்களயும் தொடப்படாது."

வண்டி மலைப்பக்கம் திரும்பியது. வீட்டில் யாரும் இல்லை. யாரும் இல்லாத வீட்டின் முன்னால் நாங்கள் உட்கார்ந்திருந்தோம்.

மைனி தலையைத் திருப்பாமல், என்ன சொன்னாய் என்று கேட்டார். சொன்னேன்.

"எந் தம்பி தலையில நான் பாயப் போட்டேன், நீ தீய வச்சிட்ட," என்றார்.

மழை வந்தது. பாய் நனைந்து பெத்தெலோவின் தலையோடும் தோளோடும் ஒட்டிக்கொண்டது. மூச்சு விடுகிறாரா என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். துணி ஏறி இறங்குவது தெரிந்தது. பிறகு வெயில். பிறகு மறுபடி மழை. எங்கள் ஊர் மத்தாய் ஒருவர் மயங்கிச் சரிந்தார். அவரை நிமிர்த்தி என்மேல் சாய்த்துக்கொண்டேன். தென்னையில் கத்தி கொத்துகிற சத்தம் மட்டும் விடவில்லை.

பொழுது சாய்கிற நேரத்தில் ஒருவனுக்குப் போன் வந்தது. அவன் அப்படியே உட்கார்ந்துவிட்டான். பக்கத்து வீட்டில் ஒரு பெண் ஓலமிட்டாள். அடுத்த வீட்டில் இன்னொருத்தி. ஊர் முழுவதும் அது பரவியது. ஆஸ்பத்திரியில் தவீத்தாவின் இயந்திரத்தை நிறுத்திவிட்டார்கள். கத்திச் சத்தம் நின்றுவிட்டது.

பெரியப்பா மகன் கத்தியோடு முற்றத்துக்குள் வந்தான். பாயின் முன்னால் நின்றான். மைனி எழவில்லை, உட்கார்ந்தபடியே நகர்ந்து நகர்ந்து போய்த் தம்பிக்கும் அவனுக்கும் நடுவில் உட்கார்ந்தார். நானும் போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவன் கால் விரல்கள்தான் என் கண்ணுக்கு நேரே. சேறு அப்பியிருந்தது.

"நீ எதுக்கு வார? போ," என்றார் மைனி மெதுவாக.

நான் போகவில்லை. அவர் கையை நீட்டி என் தலையைப் பிடித்துத் தன் முதுகுப்பக்கம் அமுக்கிக்கொண்டார்.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. வண்டிச் சத்தம் கேட்டது. லோசா அக்கா இறங்கி வந்தார். அந்தப் பையனின் கையிலிருந்து கத்தியை வாங்கித் தரையில் போட்டார். அவன் அப்படியே மண்டியிட்டு அழ ஆரம்பித்தான். மைனி விலகி வழிவிட்டார்.

பாய் நனைந்து கனத்திருந்தது. லோசா அக்கா ஒரு கையால் இழுத்துப் பார்த்தார், வரவில்லை. இரண்டு கையாலும் பிடித்து இழுத்தார். பெத்தெலோவின் முகம் வெளுத்துச் சுருங்கிப்போயிருந்தது. கண்ணைத் திறக்கவில்லை.

"காலையில எடுத்திருந்தா பொழைக்கப் போற மவனுக்காக எடுத்திருப்பேன்," என்றார். "பொறவு அவன் செத்தப்போ மறுபடி மன்னிக்க எனக்குத் தெம்பு இருந்திருக்காது. இப்பம் எடுக்கேன். எந்திரி."

பெத்தெலோவால் எழ முடியவில்லை. கால் மரத்துவிட்டது. லோசா அக்காவின் தம்பியும் அந்தப் பையனும்தான் இரண்டு பக்கமும் பிடித்துத் தூக்கி உள்ளே கூட்டிப்போனார்கள்.

மார்ச் 9, திங்கள்

ஆஸ்பத்திரி மேலதிகாரி போன் செய்தார். தகவலை வெளியில் சொன்னதற்கு விசாரணை இருக்குமாம். ஆனேயை நான்தான் வற்புறுத்திக் கேட்டேன் என்று சொன்னேன். வேலை போகலாம். பெத்தெலோ இன்னும் என்னிடம் சரியாகப் பேசவில்லை. மைனியும்.

மதியம் லோசா அக்கா ஆளனுப்பினார். தவீத்தாவைக் கொண்டுவந்துவிட்டார்கள், உடுத்திவிட நீ வா என்று. தனியாகப் போனேன். பாலத்தில் நின்றவர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள்.

நாங்கள் இரண்டு பேர் மட்டும்தான். நான் போட்ட தையல்கள் நெற்றியில் அப்படியே இருந்தன. முடியை முன்னால் வாரிவிட்டு மறைத்தோம். வெள்ளைச் சட்டையின் கையை நுழைக்கும்போது அவர் மகனின் விரல்களைக் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டே இருந்தார். நான் பார்க்காதது போல் பித்தானைப் போட்டேன்.

"வண்டியில கொண்டு போகும்போது என்னமும் சொன்னானா?"

ஒன்றும் சொல்லவில்லை என்றேன். பொய் சொல்லியிருக்கலாம். அம்மா என்றான் என்று சொல்லியிருக்கலாம்.

"சரி," என்றார். "வலிச்சதா அவனுக்கு?"

"இல்லக்கா."

அது உண்மை.

மார்ச் 11, புதன்

நேற்று அடக்கம். வீட்டுக்கு முன்னாலேயே குழி வெட்டி வைத்தார்கள், இங்கே அப்படித்தான். எங்கள் ஊர் முழுக்கப் போனது. பன்றிகளும் பாய்களும் கொண்டுபோனோம். சௌலோவைக் கோர்ட்டில் நிறுத்தியாகிவிட்டது. மன்னிப்பு கிடைத்ததை நீதிபதி கணக்கில் எடுப்பாராம், ஆனாலும் சிறை உண்டு. இருக்கட்டும் என்றார் பெத்தெலோ.

மழையில் நனைந்ததில் அவருக்கு வந்த காய்ச்சல் இன்று காலை விட்டிருந்தது. பின்கட்டில் உட்கார்ந்து சீமைப்பலாக்காய் சுட்டுக்கொண்டிருந்தேன். அவரும் வந்து உட்கார்ந்தார். நானாகவே சொன்னேன், எனக்கு வெள்ளிக்கிழமையே தெரியும் என்று.

"தெரியும்," என்றார்.

எப்படி என்று கேட்டேன்.

"நீ யார்ட்டயும் தெரியாதுன்னு சொல்லி நான் கேட்டதில்ல. எவ்வளவு மோசமா இருந்தாலும் பாப்போம்னுதான் சொல்லுவ. என்கிட்ட தெரியாதுன்ன."

"பொறவு ஏன் போனிய? ரெண்டு நாள் தள்ளிப் போட்டிருக்கலாம்லா."

அவர் சுட்ட காயைக் கம்பால் புரட்டினார். தள்ளிப் போட நினைக்கவில்லை என்றார். சீக்கிரம் போய்விட வேண்டும் என்றுதான் நினைத்தாராம், விரலை அமுக்கிய சந்தோஷம் அங்கே ஆறுவதற்குள். பாய்க்கு உள்ளே இருட்டாக, மூச்சுமுட்டாக இருந்ததாம். அப்போது யாரோ எழுந்து பின்பக்கம் போகிற சத்தம் கேட்டதாம். சேலை கட்டிக்கொண்டு நடக்கிறவள் அங்கே ஒருத்திதான்.

"அப்பம் எழும்பி ஓடிரலாமான்னு இருந்துச்சு. உன்ன வையவும் செஞ்சேன். உள்ளுக்குள்ள. உங்க பாஷையில."

நான் தணலைக் கிளறிவிட்டேன்.

"நீ சொல்லலன்னா, பாய எடுத்ததும் நானே அவகிட்டச் சொல்லிருப்பேன்னு இந்த ரெண்டு நாளா நெனச்சுக்கிட்டு இருக்கேன்," என்றார். பிறகு, "சொல்லிருப்பேனான்னு தெரியல," என்றார்.

காய் வெந்துவிட்டிருந்தது. உரித்து அவருக்குப் பாதியும் ஃபிலோவுக்குப் பாதியும் கொடுத்தேன். மைனி அந்தப் பக்கமாக வந்தவர் நின்று, எனக்கு எங்கே என்று கேட்டார். நாலு நாளைக்குப் பிறகு என்னிடம் கேட்ட முதல் கேள்வி. இன்னொன்று எடுத்துச் சுட்டேன்.

துக்க வீட்டுக்கு விறகும் கிழங்கும் கொண்டுபோக வேண்டியிருந்தது. வண்டியைத் தொட யாருக்கும் மனமில்லை. பெத்தெலோ விறகைத் தோளில் வைத்துக்கொண்டார். கிழங்கு மூட்டையை நானும் மைனியும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டோம். பாலம் தாண்டி வைலூமாவுக்குள் நடந்தோம். எங்களை எதிர்பார்த்து யாரும் நிற்கவில்லை. போகச் சொல்லவும் இல்லை. லோசா அக்கா பின்கட்டிலிருந்து எட்டிப் பார்த்து, ஈரம் படாத இடத்தில் விறகை இறக்கச் சொன்னார்.